வாஷிங் மெஷினில் ஆசிட் ஊற்றலாமா?

வீட்டுச் சாதனங்களைச் சுத்தம் செய்வது, கிருமி நீக்குவது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்

ஃப்ரன்ட் லோட் மெஷின் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. கொஞ்ச நாளாகத் துவைத்து எடுத்த துணியிலேயே ஈர வாடை அடிக்கிறது. கதவு ரப்பரில் கருப்புப் புள்ளிகள். டைல்ஸ் கழுவும் ஆசிட் அரை பாட்டில் ஊற்றி ஒரு தடவை ஓட்டினால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். செய்யலாமா?
– வாசகி, மதுரை

வேண்டவே வேண்டாம். டைல்ஸ் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். எவர்சில்வர் டிரம்மைத் துருவிலிருந்து காப்பது அதன் மேல் உள்ள, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம்தான். இந்த ஆசிட் அந்தப் படலத்தை அரித்து, ஊசி குத்தியது போலக் குழி போடும். அதைவிடப் பெரிய செலவு டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது. டிரம்மை மூன்று கைகளால் தாங்கி நிற்கும் பாகத்தை மெக்கானிக்குகள் ஸ்பைடர் என்பார்கள். அது பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. ஆசிட் பட்டால் அரித்து உதிரத் தொடங்கும். பிறகு ஒரு நாள் ஸ்பின் ஓடும்போது தடதடவென்று ஆடி, டிரம்மையே மாற்றச் சொல்வார்கள்.

வாடைக்குக் காரணம், அலசலில் போகாமல் தங்கிப்போன சோப்பு, கண்டிஷனர், துணிப் பஞ்சு, உடம்பு எண்ணெய் எல்லாம் கலந்த வழவழப்பு. டிரம்முக்கும் அதைச் சுற்றியுள்ள வெளித் தொட்டிக்கும் இடையில் அது பாசி போலப் படியும். எப்போதும் பச்சைத் தண்ணீரில் துவைப்பது, நுரை வரவில்லை என்று சோப்பை அள்ளிப் போடுவது, துவைத்ததும் கதவை இறுக மூடிவிடுவது – இந்த மூன்றில் இரண்டு உங்கள் வீட்டில் நடக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

முதல் வேலை பம்ப் ஃபில்டர். மெஷினின் முன்பக்கம், கீழ் மூலையில் ஒரு சின்ன மூடி இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுத் திறங்கள். சுடுநீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். ஃபில்டர் தரையை ஒட்டி இருப்பதால் வாளி நுழையாது; தாம்பாளமும் பழைய துண்டும் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் சிறு ரப்பர் குழாய் இருந்தால் முதலில் அதன் மூடியைக் கழற்றித் தண்ணீரை வடியுங்கள். பிறகு ஃபில்டரை இடப்பக்கமாகத் திருகி எடுங்கள். சில்லறைக் காசு, ஹேர்பின், சேஃப்டி பின், அவற்றைச் சுற்றிய கருப்புப் பஞ்சு எல்லாம் அங்கேதான் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சின்ன விசிறி தெரியும். அதில் முடி சிக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். திரும்ப மாட்டும்போது கோணலாக ஏறினால் அடுத்த தடவை தரையெல்லாம் தண்ணீர்தான்.

அடுத்து கதவு ரப்பர். மடிப்பை விரித்துக் கீழ்ப்பக்கம் பாருங்கள். அழுக்கு அங்கேதான் தேங்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் வழவழப்பு போகும்வரை துடையுங்கள். அதன் பிறகுதான் பிளீச். 4 சதவீத பிளீச் (சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம்; சதவீதம் பாட்டிலில் இருக்கும்) ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு கலந்து, பழைய பனியன் துணியை நனைத்து, கருப்புப் புள்ளிகள் மேல் மடிப்போடு ஒட்டினாற்போல வையுங்கள். கையுறை அவசியம், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து எடுத்து, நல்ல தண்ணீரால் இரண்டு முறை துடையுங்கள். பூஞ்சை செத்தாலும் ரப்பருக்குள் இறங்கிய கறை முழுதாகப் போகாது. அதற்காக வாராவாரம் பிளீச் வைத்தால் ரப்பர் வெடித்துவிடும்.

சோப்பு போடும் டிராயரை முழுதாக வெளியே இழுக்கலாம். நடுவில் உள்ள பிளாஸ்டிக் நாக்கை அழுத்தினால் வந்துவிடும். டிராயர் இருந்த குகையின் மேல்கூரையில், தண்ணீர் சொட்டும் ஓட்டைகளைச் சுற்றிக் கருப்பாக இருக்கும். பழைய டூத் பிரஷ் போதும்.

கடைசியாக, துணி எதுவும் போடாமல் டிரம்முக்குள் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் தூள் போட்டு, 60 டிகிரியில் ஒரு முழுச் சுற்று ஓட்டுங்கள். இது எலுமிச்சையில் உள்ள அதே அமிலம்; மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் கிடைக்கும். போர் தண்ணீரின் சுண்ணாம்பும் அதோடு ஒட்டிய அழுக்கும் இதில் விட்டுவரும். ஊறட்டும் என்று இரவு முழுக்க நிறுத்திவைக்காதீர்கள். ஓடி முடிந்ததும் ஒரு முறை வெறுமனே அலசவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் தேவையில்லை. சிட்ரிக் ஆசிட் ஓட்டிய அன்று மெஷினுக்குள் பிளீச் எந்தப் பக்கமிருந்தும் போகக் கூடாது. ரப்பர் வேலையை முந்தைய நாளே முடித்துவிடுங்கள்.

பிறகு சோப்பின் அளவைக் குறைத்துப் பாருங்கள். கடைசி அலசலில் கதவுக் கண்ணாடி வழியே நுரை தெரிந்தால் நீங்கள் போடுவது அதிகம் என்று அர்த்தம். துண்டு, படுக்கை விரிப்புகளை மாதம் ஒரு முறையாவது 60 டிகிரியில் துவையுங்கள். கதவையும் டிராயரையும் திறந்தே வையுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும், ஒரு விரல் இடைவெளிக்கு மேல் திறக்காதபடி கதவைக் கயிற்றால் கட்டிவையுங்கள்.

வினிகரும் ஆப்ப சோடாவும் கலந்தால் பொங்கிக்கொண்டு வருகிறதே, அது அழுக்கையும் கிருமியையும் போக்குமா?
– வாசகர், ஈரோடு

பொங்குவது கார்பன் டை ஆக்சைடு. பொங்கி அடங்கிய பிறகு மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். அமிலத்தின் வேலையும் காரத்தின் வேலையும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. சுண்ணாம்புக் கறைக்கு வினிகரைத் தனியாகப் போடுங்கள். வாடைக்கும் லேசான எண்ணெய்ப் பிசுக்குக்கும் சோடாவைத் தனியாகப் போடுங்கள். இரண்டுமே கிருமிநாசினி அல்ல. வீடியோவில் பார்க்க மட்டும் நன்றாக இருக்கும்.

புயல் சமயத்தில் நான்கு நாள் கரண்ட் இல்லை. உறவினர் வீட்டிலிருந்து திரும்பி வந்தால் ஃப்ரீசரில் இருந்த மீனும் கறியும் அழுகிக் கிடந்தன. மூன்று முறை கழுவியும் நாற்றம் போகவில்லை. ஃபிரிட்ஜைக் கழித்துவிட வேண்டியதுதானா?
– வாசகி, கடலூர்

இன்னும் ஒரு முறை, கொஞ்சம் வேறு மாதிரி செய்து பாருங்கள். கழுவியும் நாற்றம் நிற்கிறது என்றால், கை படாத இடத்தில் அந்த நீர் தங்கியிருக்கிறது. பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு: கதவைச் சுற்றியுள்ள காந்த ரப்பரின் மடிப்பு, கண்ணாடித் தட்டுகளின் பிளாஸ்டிக் விளிம்பு, தண்ணீர் வடியும் துளை, பின்னால் கம்ப்ரசருக்கு மேல் உள்ள தட்டு. கடைசி இரண்டையும் அநேகமாக யாரும் தொடுவதே இல்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கழற்ற முடிந்த அத்தனையையும் கழற்றுங்கள். கண்ணாடித் தட்டில் சட்டென்று வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். விளிம்புச் சட்டம் கழன்றால் கழற்றியே கழுவுங்கள். உள்சுவர்களைச் சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் என்று துடைத்த பிறகு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கலந்து துடையுங்கள். வடிதுளை உள்ளே பின்சுவரின் அடியில் இருந்தால், ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் இந்தச் சோடாத் தண்ணீரை நிரப்பி, பின்தட்டில் தெளிந்த நீர் விழும்வரை மெல்லச் செலுத்துங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள்.

கிருமி நீக்கம் இதற்குப் பிறகுதான். ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு 4 சதவீத பிளீச் 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி. துடைத்து, பத்து நிமிடம் ஈரமாகவே விட்டு, நல்ல தண்ணீரால் துடைத்தெடுங்கள். இரண்டு நாள் கதவைத் திறந்து, மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் கதவு மூடிக்கொள்ளாதபடி கட்டிவைப்பது முக்கியம். உள்ளே ஏறி விளையாடி மாட்டிக்கொண்டால் மூச்சுத் திணறும். பிறகு ஃபிரிட்ஜை ஓடவிட்டு, அகலத் தட்டில் கரித்தூளோ காபித்தூளோ பரப்பி ஒரு வாரம் வையுங்கள். ஊதுபத்தி, சென்ட் எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் அந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும்; தயிரில் மல்லிகை மணக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும், ஓடத் தொடங்கியதும் நாற்றம் திரும்பி வந்தால் ஃப்ரீசர் பின்பலகைக்குள் இருக்கும் விசிறி, சுருள் பகுதிக்குள் நீர் இறங்கியிருக்கிறது. மெக்கானிக் பலகையைக் கழற்றிக் கழுவலாம். சுவருக்குள் இருக்கும் நுரைக் காப்புக்குள் இறங்கிவிட்டிருந்தால் மட்டும் வழியில்லை.

ஒன்று கவனியுங்கள்: கதவைத் திறக்காமலே வைத்திருந்தால் கீழ் அறையில் உள்ள உணவு கரண்ட் போய் 4 மணி நேரம் வரைதான் பாதுகாப்பு, நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். உறைந்த பனியைக் கத்தியால் கொத்தி எடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் இன்றோடு விடுங்கள். இப்போதைய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ என்ற வாயு. அது ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடியது. பின்னால் ஒட்டிய ஸ்டிக்கரில் பார்க்கலாம். கத்தி நுனி அலுமினியத் தகட்டில் ஓட்டை போட்டால் வாயுவும் போகும், ஃப்ரீசரும் போகும்.

டெங்கு தடுப்புப் பணியாளர் வீட்டுக்கு வந்து, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், சரி. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தது ஏன்?
– வாசகர், சென்னை

மேலே சொன்ன அதே தட்டுக்காகத்தான். பனி உருகி வடியும் தண்ணீர் அதில் விழுந்து, கம்ப்ரசர் சூட்டில் ஆவியாக வேண்டும். மழைக்காலத்தில் ஆவியாகாமல் தேங்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இப்படித் தெளிந்து தேங்கிய கொஞ்சம் தண்ணீரே போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால்தான் வாரம் ஒரு முறை காலி செய்யச் சொல்கிறார்கள்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தட்டின் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக் கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி நனைந்தால் பொரியும். ஆகவே பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். சில மாடல்களில் தட்டு வெளியே வராது. அப்போது பிளக்கைப் பிடுங்கி, கம்ப்ரசர் ஆறிய பிறகு ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்து, அதே ஸ்பாஞ்சால் விளிம்பைத் தேயுங்கள். ஏர் கூலரின் தொட்டிக்கும் இதே கணக்கு. கோடை முடிந்து கூலரைப் பரணில் ஏற்றும்போது தேய்த்துக் காயவைத்து ஏற்றுங்கள்.

மிக்ஸி ஜாரைக் கழுவிக் கவிழ்த்தால் அடியிலிருந்து கருப்பாகத் தண்ணீர் வடிகிறது. இரவு முழுக்கச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தும் நிற்கவில்லை.
– வாசகி, தஞ்சாவூர்

ஊறவைத்ததுதான் பிரச்சினையைப் பெரிதாக்குகிறது. பிளேடு சுற்றும் தண்டு, புஷ் என்ற சின்ன உலோகக் குழலுக்குள் ஓடுகிறது. தண்ணீரும் சோப்பும் அதற்குள் புகுந்து எண்ணெயைக் கழுவிவிட்டால் உலோகத்தோடு உலோகம் உராயும். கருப்பு என்பது அந்த உலோகத் தூளும் பழைய கிரீஸும். அது மேலே சட்னியிலும் கலக்கும். பிளேடைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. மிக்ஸி கடையில் பிளேடு, புஷ், அடியில் உள்ள கப்ளர் மூன்றையும் செட்டாக மாற்றிவிடுங்கள். மாற்றும்வரை அந்த ஜாரில் எதையும் அரைக்காதீர்கள்.

புதிய செட்டைக் காப்பாற்ற: அரைத்த உடனே ஜாரில் கால் பங்கு தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு 15 விநாடி ஓட்டிக் கொட்டுங்கள். மூடியின் ரப்பர் வளையத்தைத் தினமும் கழற்றுங்கள். பூஞ்சை பிடிப்பது அதன் உள்பக்கம்தான். ஜாரின் அடிப்பக்கத்தில் காய்ந்த மாவை டூத் பிரஷால் தேயுங்கள். மோட்டார் உள்ள பகுதியைப் பிழிந்த துணியால் மட்டும் துடைக்கலாம். கரப்பான் தொல்லை இருந்தால் மருந்தை அடிப்பக்கக் காற்றுத் துளைக்குள் அடிக்காதீர்கள்.

வெட் கிரைண்டரில் என்ன கழுவினாலும் மறுநாள் புளிச்ச வாடை. டெட்டால் ஊற்றிக் கழுவலாமா?
– வாசகர், கோவை

உணவு படும் கல்லில் டெட்டால் கூடாது. கல் நுண்துளை உள்ளது. சோப்பும் மருந்தும் அதில் தங்கி அடுத்த நாள் இட்லியில் ஏறும். வெறும் தண்ணீர் ஒரு லிட்டர் ஊற்றி இரண்டு நிமிடம் ஓடவிட்டுக் கொட்டிய பிறகு, உருட்டுக் கல்களைச் சட்டத்தோடு வெளியே எடுத்து, கல் தண்டோடு சேரும் இடுக்கில் பிரஷ் போடுங்கள். வாடை வருவது அநேகமாக அங்கிருந்துதான். அடுத்தபடி, மாவு வழிக்கும் பிளாஸ்டிக் பலகையின் பின்புறம். நடுத்தண்டின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினால் பேரிங்கில் இறங்கும். கழுவியதும் கல்லை வெயிலில் ஒரு மணி நேரம் காயவையுங்கள். ஈரக் கல்லை டிரம்முக்குள்ளேயே போட்டு மூடிவைத்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது.

பிளீச் எவ்வளவு கலப்பது என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். கடையில் தூளாகவும் விற்கிறார்கள். எதை, எவ்வளவு?
– வாசகர், திருச்சி

முதலில் பாட்டிலில் சோடியம் ஹைப்போகுளோரைட் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அது இல்லாமல் கணக்கே கிடையாது. 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கைப்பிடி, வெளிப்பரப்பு போன்ற இடங்களுக்கு 0.1 சதவீதக் கரைசல் வேண்டும். அதற்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 25 மில்லி. உணவு படும் இடங்களுக்கு 0.02 சதவீதம் போதும். ஒரு லிட்டருக்கு 5 மில்லி. பிளீச்சிங் பவுடர் என்றால் நல்ல தூளில் 30 சதவீதத்தை ஒட்டிக் குளோரின் இருக்கும். லிட்டருக்கு 3 கிராம் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு மேல் தெளிவை மட்டும் எடுத்தால் 0.1 சதவீதம் வந்துவிடும். திறந்து கட்டி கட்டியாகிப்போன பவுடரில் வீரியம் இருக்காது.

பச்சைத் தண்ணீரில் கலக்குங்கள். சூட்டில் பிளீச் கெடும். அன்றன்றைக்குக் கலக்கி, மீந்ததைக் கொட்டிவிடுங்கள். அழுக்கு இருக்கும் பரப்பில் ஊற்றினால் அழுக்கோடு சண்டையிட்டே அது தீர்ந்துவிடும், கிருமி வரை போகாது. கழுவிய பரப்பிலும் தெளித்த உடனே துடைத்தால் பயனில்லை. சில நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும். அதன் பிறகு எவர்சில்வரை நல்ல தண்ணீரால் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் புள்ளி விழும்.

டாய்லெட் ஆசிட், வினிகர், எலுமிச்சை, சிட்ரிக் ஆசிட் எதோடும் பிளீச் சேரக் கூடாது; குளோரின் வாயு வரும். அம்மோனியா உள்ள கண்ணாடித் துடைப்பானோடும் கூடாது. தெரியாமல் கலந்து கண்ணும் தொண்டையும் எரிந்தால், கழுவ நிற்காமல் வெளியே வாருங்கள்.

எங்கட கிணற்றுத் தண்ணீரில் மின்கேத்தலின் அடியில் வெள்ளைப் படை ஒரு மாதத்திலேயே கட்டிவிடுகிறது. சுரண்டி எடுக்கலாமோ?
– வாசகி, யாழ்ப்பாணம்

சுரண்ட வேண்டாம். குடாநாட்டின் நிலத்தடி முழுக்கச் சுண்ணாம்புக்கல் என்பதால் கிணற்று நீர் கடினம். படிவது கால்சியம் கார்பனேட். நஞ்சு அல்ல, ஆனால் சூட்டைத் தடுத்து மின்செலவைக் கூட்டும். கேத்தலில் பாதிக்குத் தண்ணீர், லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி சிட்ரிக் அமிலம். கொதித்ததும் நிறுத்தி அரை மணி நேரம் விட்டால் தானாகக் கழன்றுவரும். தேசிக்காய்ப் புளியும் (எலுமிச்சைச் சாறு) வேலை செய்யும், நிறையக் காய் செலவாகும். இரண்டு முறை வெறும் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டிய பிறகு தேநீர் போடலாம். கேத்தலைத் தண்ணீருக்குள் அமிழ்த்தக் கூடாது.

ஏ.சி. போட்டதும் பழைய துணி வாடை. கிருமிநாசினி ஸ்பிரேயை காற்று உள்ளே போகும் பக்கம் அடித்து ஓடவிடலாமா?
– வாசகர், வேலூர்

ஓடும் ஏ.சி.யில் அடிப்பது எல்லாம் உங்கள் மூச்சுக்குத்தான் வரும். ஆல்கஹால் கலந்த ஸ்பிரே என்றால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. பிளீச் என்றால் அலுமினியத் தகடுகளை அரிக்கும்.

ஏ.சி.யைத் தினமும் ஓட்டும் காலத்தில் வலை ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள். தூசி படிந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமிருந்து தண்ணீர் விட வேண்டும். இல்லையென்றால் தூசி வலைக்குள் இன்னும் இறுகும். நிழலில் காயவையுங்கள். வாடை அதற்குப் பிறகும் இருந்தால், காற்று வெளிவரும் இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே நீளமாகச் சுற்றும் உருளையின் இறக்கைகளில் கருப்பு அப்பியிருந்தால் அதுதான் காரணம். வீட்டில் செய்யும் வேலையல்ல அது. அடியில் பை கட்டி, பம்ப் வைத்துக் கழுவும் ஜெட் சர்வீஸ் சொல்லுங்கள். வெறும் ஃபில்டரைத் தட்டிவிட்டு ‘சர்வீஸ் ஆச்சு’ என்று போனால், உருளையை டார்ச்சில் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள். வடிகுழாயின் நுனி வாளித் தண்ணீருக்குள் முங்கியிருந்தால் தூக்கிவிடுங்கள். முங்கினால் தண்ணீர் இறங்காமல் உள்ளே தேங்கும். அணைப்பதற்கு முன் அரை மணி நேரம் ஃபேன் மோடில் ஓட்டினால் உள்ளீரம் காய்ந்து, பூஞ்சை மெல்லத்தான் வரும்.

மைக்ரோவேவ் அவனுக்குள் பக்கச்சுவரில் ஓர் அட்டை இருக்கிறது. அதில் எண்ணெய் தெறித்து, இப்போது பொறி பறக்கிறது. அட்டையை எடுத்துவிடலாமா?
– வாசகி, சேலம்

அது மைக்கா தகடு. அலைகள் உள்ளே வரும் வாயிலுக்குக் காவல். எண்ணெய் கருகிக் கரியாகி, அந்தக் கரிதான் பொறி கிளப்புகிறது. லேசான கறை என்றால் பிளக்கைப் பிடுங்கி, ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கருகி ஓட்டை விழுந்திருந்தால் அதே அளவில் புதிய மைக்கா வெட்டிப் போட வேண்டும், விலை குறைவுதான். தகடு இல்லாமல் ஓட்டாதீர்கள். வெளிக்கூட்டின் திருகுகளை மட்டும் நீங்கள் தொட வேண்டாம்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கப்பாசிட்டரில் ஆளைச் சாய்க்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

டி.வி. ரிமோட், ஸ்விட்ச் போர்டை சானிடைசரால் துடைக்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

கைக்குப் போடும் ஜெல் பிசுபிசுப்பை விட்டுவிடும். 70 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, சொட்டாதபடி பிழிந்து துடையுங்கள். ரிமோட்டில் பேட்டரியை முதலில் எடுத்துவிட வேண்டும். ஸ்விட்ச் போர்டு என்றால் மெயினை அணைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகே போடுங்கள். எதன் மேலும் நேராகத் தெளிக்காதீர்கள். டி.வி. திரைக்கு ஆல்கஹால் வேண்டாம், மேல்பூச்சு உரியும். லேசாக ஈரமான மென்துணி போதும்.